ஜெனரேட்டர் ஓடாத மாலைப்பொழுது: ஆர்வியில் பயணம் செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்கும் தேசியக் காடுகளுக்கும் ஆர்வி (படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அத்தகைய பயணங்களைக் குழுவாக ஒருங்கிணைக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மின் இணைப்பு இல்லாத முகாம் திடல்களில் நாம் ஜெனரேட்டரை ஓட்டும் முறையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பிறரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. என் குடும்பம் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூன்று ஆர்விகளை வாடகைக்கு எடுத்து, பைன் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு திடலில் அடுத்தடுத்த இடங்களில் தங்கினோம். ஹூக்கப் என்று சொல்லப்படும் மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ அங்கே கிடையாது. கைப்பேசிச் சார்ஜரை வண்டிச் சுவரில் இருந்த பிளக்கில் செருகினோம், மின்சாரம் வரவில்லை. வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள், கரண்ட் வேண்டுமென்றால் அழுத்துங்கள் என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தது ஒரே ஒரு பொத்தானைத்தான். அது ஜெனரேட்டரின் பொத்தான். அதை அழுத்தினோம், மூன்று வண்டிகளிலும் அழுத்தினோம். இரவு எட்டு மணிக்கு ஓடத் தொடங்கியது, அமைதி நேரம் தொடங்கும் பத்து மணி வரை ஓடியது.

எங்களுக்கு அடுத்த இடத்தில் ஒரு சிறிய கூடாரம் இருந்தது. அதன் முன்னால் கிடந்த மரமேசையில் உட்கார்ந்து, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு தந்தை தம் மகளுக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் குரலை உயர்த்தி வாசித்தார். சற்று நேரம் கழித்து எங்களுக்கு முதுகு காட்டும்படி மேசையின் மறுபுறம் மாறி உட்கார்ந்தார். பிறகு குனிந்து, மகளின் காதருகே வாயை வைத்து வாசித்தார். கடைசியில் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு இருவரும் தங்கள் காருக்கு நடந்து போய், உள்ளே ஏறி, கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடிக்கொண்டு, காரின் உள்விளக்கில் வாசிப்பைத் தொடர்ந்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சிறிய சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எங்கள் வண்டியில் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தவை யாரும் பார்க்காத ஒரு தொலைக்காட்சி, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த இரண்டு கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி ஆகியவை மட்டுமே. எல்லாம் சேர்ந்து 150 வாட்டைத் தாண்டியிருக்காது. அதற்காக வண்டிக்கு அடியில் 4,000 வாட் எஞ்சின் ஒன்று இரண்டு மணி நேரம் உறுமிக்கொண்டிருந்தது; பக்கத்து இரண்டு வண்டிகளிலும் இதே கதைதான்.

அவர் எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்தத் திடலின் விதி எதையும் நாங்கள் மீறவில்லை என்று பதில் சொல்லியிருப்போம்; அது உண்மையும்கூட. விதிக்கு உட்பட்டே இன்னொருவருடைய மாலைப்பொழுதை முழுவதுமாகப் பறிக்க முடியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதற்குப் பிறகே வண்டியின் மின்சாரத்தைப் பற்றிப் படிக்கவும் அளந்து பார்க்கவும் தொடங்கினேன். கற்றவற்றில் முதன்மையானது இது: மின் இணைப்பில்லாத இடத்தில் ஜெனரேட்டரை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கைப் போல நினைக்கக் கூடாது, பேட்டரியை நிரப்புவதற்காக நாளில் ஒரு முறை, குறுகிய நேரம், தெரிந்து ஓட்ட வேண்டிய கருவியாக நினைக்க வேண்டும்.

ஆர்விக்குள் இரண்டு வகை மின்சாரம் இருக்கிறது என்பதைப் பலருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. விளக்குகள், தண்ணீர் பம்ப், கூரை விசிறி, வண்டியின் உள்ளே சூடேற்றும் ஃபர்னஸின் காற்றூதி, எரிவாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டுபிடித்து ஒலிக்கும் கருவிகள் ஆகியவை பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. இவற்றுக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. மைக்ரோவேவ், ஏசி, சுவரில் இருக்கும் பிளக்குகள் ஆகியவை 120 வோல்ட்டில் ஓடுபவை. வெளி இணைப்போ ஜெனரேட்டரோ, பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரோ இருந்தால்தான் இவற்றுக்கு உயிர் வரும். மின் இணைப்புள்ள திடலில் 30 ஆம்பியர் கம்பத்தில் செருகினால் 3,600 வாட் வரையும், 50 ஆம்பியர் கம்பத்தில் செருகினால் 12,000 வாட் வரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே கணக்குப் பார்க்கும் பழக்கம் வருவதில்லை. அதே பழக்கத்தோடு காட்டுக்குள் போகும்போது, சுவர்ப் பிளக்கில் கரண்ட் இல்லையென்றதும் கை தானாக ஜெனரேட்டர் பொத்தானுக்குப் போகிறது. கைப்பேசி ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏற 15 முதல் 20 வாட்-மணி போதும். அதை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஒரு சிறிய யூஎஸ்பி சார்ஜரே செய்துவிடும். மடிக்கணினிக்குக் கையடக்கமான ஒரு சிறிய இன்வெர்ட்டர் போதும். அன்றிரவு எங்கள் மூன்று வண்டிகளும் எழுப்பிய சத்தம் முழுவதையும் அந்த இரண்டு சிறு பொருள்கள் தவிர்த்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் எளிதானதுதான். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. 100 ஆம்பியர்-மணி என்று அதன் மேல் எழுதியிருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நாம் பயன்படுத்தத் தக்கது ஏறத்தாழ 600 வாட்-மணி மட்டுமே. அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ 1,280 வாட்-மணி கொள்ளும், அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் விடும். வெயில் நன்றாக விழும் கோடை நாளில் 100 வாட் சோலார் பலகை ஒன்று 400 முதல் 500 வாட்-மணி வரை தரும். பைன் மர நிழலில் அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும். எனவே வண்டியை நிழலில் நிறுத்தி, மடக்கக்கூடிய சோலார் பலகையை நீளமான வயரோடு வெயிலில் வைப்பதே நல்லது. ஈய-அமில பேட்டரியை ஓய்வில் இருக்கும்போது வோல்ட் மீட்டரில் பார்த்தால் 12.7 என்பது நிறைவு, 12.1 என்பது பாதி. வண்டிச் சுவரில் பேட்டரியின் அளவைக் காட்டும் நான்கு பச்சை விளக்குகளை நம்புவதைவிட இந்த ஒரு எண்ணைப் பார்ப்பது மேல். வேறு எதையும் வாங்காவிட்டாலும், 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மலிவான வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் பேட்டரியைக் காலி செய்யும் கள்ளன் யார் என்று தேடினால், விளக்கும் கைப்பேசியும் அல்ல, பெரும்பாலும் ஃபர்னஸ்தான். அது ப்ரொபேன் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் காற்றூதி 7, 8 ஆம்பியரை இழுக்கும். குளிர் மிகுந்த இரவில் எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் அது ஓடினால், 30 ஆம்பியர்-மணி போய்விடும். பயன்படுத்தத் தக்க 50 ஆம்பியர்-மணியில் பாதிக்கு மேல் அது. தெர்மோஸ்டாட்டை ஐந்தாறு டிகிரி குறைத்து வைத்து, போர்வையைக் கூட்டிக்கொள்வது மின்சாரத்தைச் சேமிக்கும் மிகச் சிறந்த வழிகளில் ஒன்று என்பதை என் குடும்பத்தில் முதலில் யாரும் ஏற்கவில்லை. ஒரு வாரம் வோல்ட் மீட்டரைப் பார்த்த பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வாடகை வண்டிகள் பலவற்றிலுள்ள குளிர்பெட்டி எரிவாயுவிலும் ஓடக்கூடிய உறிஞ்சு முறைக் குளிர்பெட்டி. 1922இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள் உருவாக்கிய இந்த முறையில் கம்ப்ரசரே கிடையாது, சத்தமும் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கியே குளிரை உண்டாக்குகிறது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை. அதை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டால் குளிர்பெட்டிக்காக ஜெனரேட்டர் ஓட்ட வேண்டிய தேவையே எழாது.

இதிலிருந்து ஒரு பொதுவான வழிமுறை கிடைக்கிறது: சூடு தேவைப்படும் எந்த வேலையையும் மின்சாரத்திடம் கொடுக்காமல் எரிவாயுவிடம் கொடுங்கள். மின்சாரக் கெட்டில், மின்சாரக் குக்கர், தலைமுடி உலர்த்தி ஆகியவை 1,000 வாட்டிலிருந்து 1,800 வாட் வரை இழுப்பவை. 1,500 வாட் இழுக்கும் ஒரு கருவியை இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால், பேட்டரியிலிருந்து 140 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும். சாதாரண வயர் அதைத் தாங்காது, சிறிய பேட்டரியும் தாங்காது. ஆனால் ஒரு பவுண்டு ப்ரொபேனில் 6 கிலோவாட்-மணிக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன ஈய-அமில பேட்டரியில் நாம் பயன்படுத்தத் தக்க மின்சாரத்தைப் போலப் பத்து மடங்கு அது! சமையலை வண்டியின் எரிவாயு அடுப்பிலேயே செய்துவிட்டால், ஒரு நாளின் மின்தேவையில் கனமான பகுதி அப்படியே கழன்றுவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜெனரேட்டர் தேவைப்படும் நாள்கள் உண்டு. மேகமூட்டம் தொடரலாம், பேட்டரி பழையதாக இருக்கலாம். அப்போது ஓட்டுங்கள், ஆனால் காலையில் ஓட்டுங்கள். இந்தக் கருத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அக்கம்பக்கத்தாரின் வசதி மட்டும் அன்று. பேட்டரியின் இயல்பும் அதுதான். இரவு முழுவதும் இறங்கிப்போன ஈய-அமில பேட்டரி காலையில் மின்னோட்டத்தை ஆவலோடு உள்வாங்கும். 80 விழுக்காடு நிரம்பிய பிறகு அதன் வேகம் குறைந்துவிடும், மீதி 20 விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முழுதாக நிரம்பட்டும் என்று மாலையில் நான்கு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட விடுபவர், கடைசி இரண்டு மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும் மின்சாரத்துக்காகப் பெட்ரோலையும் அக்கம்பக்கத்தாரின் பொறுமையையும் எரிக்கிறார். காலை உணவு நேரத்தில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஓட்டி, அந்த நேரத்துக்குள்ளேயே மைக்ரோவேவ், தலைமுடி உலர்த்தி, மடிக்கணினிகள் என 120 வோல்ட் வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு, மீதியைச் சோலாரிடமோ வண்டிப் பயணத்திடமோ விட்டுவிடுவதே சரியான முறை. வண்டியை ஓட்டிச் செல்லும்போது அதன் எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டரே வண்டியின் வீட்டுப் பகுதிக்கான பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. காட்சிகளைப் பார்க்க எப்படியும் இரண்டு மணி நேரம் ஓட்டப் போகிறவருக்கு அது சத்தமில்லாமல் கிடைக்கும் மின்சாரம். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே, அதாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதை மட்டும் மலைப்பகுதிக் காலைகளில் நினைவில் கொள்ளுங்கள்.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன். தேசியப் பூங்காக்களுக்கான கூட்டாட்சி விதி, 36ஆம் தலைப்பின் 2.12ஆம் பிரிவு, 50 அடி தூரத்தில் அளக்கும்போது 60 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களை ஓட்டக் கூடாது என்கிறது. அதற்கும் குறைவான சத்தமாக இருந்தாலும், இடத்தையும் நேரத்தையும் சூழலையும் கருதினால் நியாயமற்றது என்று சொல்லத் தக்க சத்தமும் கூடாது என்கிறது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் அறிந்திருக்கிறோம். அந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது சத்தம் 6 டெசிபல் கூடும். 50 அடியில் 60 டெசிபல் என்றால், 25 அடியில் இருக்கும் பக்கத்துக் கூடாரத்தில் அது 66 டெசிபல். நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல்தான். ஆக, விதிக்கு உட்பட்ட ஜெனரேட்டர் ஒன்று பக்கத்து மேசையில் நடக்கும் உரையாடலை முழுவதுமாக மூழ்கடித்துவிட முடியும். அந்தத் தந்தை காருக்குள் போய் உட்கார வேண்டியிருந்ததற்குக் கணக்கு இதுதான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 7 மீட்டர், அதாவது 23 அடி தூரத்தில் அளந்த எண்ணைத் தருகிறார்கள். பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் கால்வாசிச் சுமையில் அளந்தது. இந்த வகையில் நற்பெயர் பெற்ற ஹோண்டா ஈயு2200ஐ என்ற இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கே கால்வாசிச் சுமையில் 48 டெசிபல் என்றும், முழுச் சுமையில் 57 டெசிபல் என்றும் இரண்டு எண்கள் உண்டு. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் இருமடங்கானதுபோல் கேட்கும் என்பதால், இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. கட்டுமான வேலைகளுக்கென்று விற்கப்படும், மூடியில்லாமல் இரும்புச் சட்டகம் மட்டுமே கொண்ட திறந்த ஜெனரேட்டர்களோ 70 டெசிபலை ஒட்டி இரைபவை. விலை குறைவு என்பதற்காக அவற்றைக் காட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சத்தத்தின் தன்மையும் தனிப்பட்டது. சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்காக, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிமிடத்துக்கு 3,600 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது நொடிக்கு முப்பது வெடிப்பு. இந்தத் தாழ்ந்த அதிர்வு கூடாரத் துணியையும் தலையணையையும் கடந்து வருகிறது. காதைப் பொத்திக்கொண்டாலும் மார்பில் உணர முடிகிறது. விதியில் சொல்லப்படும் ஏ-வகை டெசிபல் அளவீடோ தாழ்ந்த ஒலிகளை வெகுவாகக் குறைத்துக் கணக்கிடுவது. ஆகவே மீட்டர் காட்டும் எண் தூங்க முயல்பவரின் அனுபவத்தை முழுமையாகச் சொல்வதில்லை. இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் வேகத்துக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் தொடர்பில்லை என்பதால், சுமை குறையும்போது எஞ்சினும் தணிந்து ஓடும். வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் அந்த வகையையே வாங்குங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூட, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சினின் திறன் மூன்றரை விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 8,000 அடி உயரத்தில் 4,000 வாட் ஜெனரேட்டர் ஏறத்தாழ 2,900 வாட் ஜெனரேட்டராகத்தான் இருக்கும்.

சத்தத்தைவிட அஞ்ச வேண்டியது புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். தனி ஜெனரேட்டரைச் சன்னல்களிலிருந்தும் கதவுகளிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. அந்த 20 அடியை நம் வண்டியிலிருந்து மட்டும் அளந்து, பக்கத்துக் கூடாரத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். கூடாரத்துக்குள் இருப்பவருக்கு ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவிகூடக் கிடையாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகைக்குழாய் யாரை நோக்கி இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். சத்தத்தைக் குறைப்பதற்காகப் பெட்டி செய்து மூடும் முயற்சியில் யாரும் இறங்க வேண்டாம். எஞ்சின் சூடேறும், புகை தேங்கும், தீப்பிடிக்கவும் கூடும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் எந்த ஜெனரேட்டரும் ஓடக் கூடாது.

ஏசியைப் பற்றிய கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடுகிறேன். 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) கொண்ட கூரை ஏசி ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் வரை இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் கேட்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கே ஈய-அமில பேட்டரிகள் இரண்டு காலியாகிவிடும். ஆகவே மின் இணைப்பில்லாத இடத்தில் ஏசி என்றால், பெரும்பாலானவர்களுக்கு அது நாள் முழுவதும் ஜெனரேட்டர் என்றே பொருள்படும். அதற்கு மாற்று, இடத்தை மாற்றுவதுதான். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சராசரியாக மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். பள்ளத்தாக்கில் தங்காமல் 5,000 அடி மேலே தங்கினால், 17, 18 டிகிரி குளிர்ச்சி செலவில்லாமல் கிடைக்கிறது. அது முடியாத குடும்பங்கள் உண்டு. கைக்குழந்தையோ முதியவரோ உடல்நலம் குன்றியவரோ உடன் வரும்போது வெயிலைத் தாங்கச் சொல்வது நியாயமன்று. அவர்கள் மின் இணைப்புள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்வதே அவர்களுக்கும் நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பூங்கா ஒன்றில் மட்டுமே மின் இணைப்பு உண்டு; அதுபோன்ற இடங்கள் வெகு விரைவில் நிரம்பிவிடும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும். உறக்கத்தில் சுவாசக் கருவி வைத்துக்கொள்பவர்கள் இதனால் அஞ்ச வேண்டியதில்லை. ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டு 12 வோல்ட் வயரில் ஓட்டினால் பல கருவிகள் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடிவிடும். இரவுக்கு 240 வாட்-மணி என்று கணக்கிட்டு, அதற்கென்றே ஒரு தனி பேட்டரி வைத்துக்கொண்டால் அமைதி நேரத்தைக் குலைக்காமல் நிம்மதியாக உறங்கலாம்.

மின்சாரமில்லாமல் ஆர்வியில் வாழவே முடியாது என்று நினைப்பவர்கள், அரிசோனாவின் குவார்ட்சைட்டைச் சுற்றிய பாலைநிலத்தைக் குளிர்காலத்தில் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கூட்டாட்சி அரசின் நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆர்விகள் எந்த இணைப்பும் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் கூரைகளைப் பார்த்தால் சோலார் பலகைகள் வரிசையாக இருக்கும். இப்படி இணைப்பில்லாமல் தங்குவதைக் குறிக்கும் பூண்டாக்கிங் என்ற சொல்லே, பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் மலையைக் குறிக்கும் பூண்டோக் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஊருக்கும் கம்பிக்கும் எட்டாத இடம் என்பது அதன் உட்பொருள்.

குழுவாகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நம் பயணங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு குடும்பங்களாக அமைகின்றன. ஒரு வண்டியின் ஜெனரேட்டர் நின்றதும் அடுத்த வண்டியினது தொடங்குகிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஜெனரேட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், மூன்று ஓடினால் 5 டெசிபல்தான் கூடும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினாலோ அக்கம்பக்கத்தார் மூன்று மணி நேரத்தை இழக்கிறார்கள். ஆகவே ஒரே மணி நேரத்தில் எல்லோரும் ஓட்டி, ஒரே நேரத்தில் நிறுத்துவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையும் பக்கத்து இடத்தாரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். "காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை ஓட்டலாமா, குழந்தை யாராவது உறங்குகிறார்களா" என்று கேட்டபோது முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. நேரத்தை அரை மணி தள்ளிவைக்கச் சொன்னவர்கள் இருவர், நன்றி சொன்னவர்கள் பலர்.

திடலுக்குத் திடல் விதி மாறும். சில இடங்களில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதி. சில பகுதிகளில் ஜெனரேட்டருக்கு அறவே அனுமதியில்லை. அப்படிப்பட்ட பகுதியில் இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக ஜெனரேட்டரை நம்பியிருக்கும் வண்டியோடு போய் நிற்காதீர்கள்; அந்தப் பகுதியைத் தேடி வருகிறவர்கள் அமைதிக்காகவே வருகிறார்கள். இயற்கை ஒலிகளையும் பாதுகாக்க வேண்டிய செல்வமாகக் கருதி, தேசியப் பூங்காச் சேவை 2000ஆம் ஆண்டிலேயே அதற்கென்று ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. மான் நடக்கும் சருகோசையும் இரவில் ஆந்தையின் குரலும் பூங்காவின் பகுதிகள்தான், மலையும் அருவியும் போலவே. அவற்றைக் கேட்கும் உரிமை ஆர்வியில் வந்தவருக்கும் உண்டு, கூடாரத்தில் வந்தவருக்கும் உண்டு. நம் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜெனரேட்டர் ஓடும் வண்டிக்குள்ளேயே மாலைகளைக் கழிக்கும் குழந்தை, காட்டுக்கு வந்தும் காட்டைக் கேட்காமலேயே திரும்புகிறது.

பயணங்களை ஒருங்கிணைக்கும் நண்பர்களே, இந்தக் கோடைக்கான திட்டத்தை அனுப்பும்போது, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலுடன், அந்தத் திடலில் ஜெனரேட்டருக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்தையும், குழு ஒப்புக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். சொந்தமாக ஆர்வி வைத்திருப்பவர்கள், புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில், வீட்டு முன்வாசலிலேயே வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு ஒரே ஓர் இரவு வண்டிக்குள் தங்கிப் பாருங்கள். படுக்கும்போது வோல்ட் மீட்டர் காட்டிய எண்ணையும், விடிந்ததும் காட்டிய எண்ணையும் ஒரு தாளில் குறித்து, வண்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள், சாவியை வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வண்டியில் எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது, அது எந்த வகை, குளிர்பெட்டி எரிவாயுவில் ஓடுமா? கேட்காத வரையில் அவர்கள் காட்டப் போவது அந்த ஒரு பொத்தானைத்தான்.

இந்த மடலில் சொன்ன கணக்குகளில் எதையாவது உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்க உதவி வேண்டுமானால், திடலில் எங்கே சந்தித்தாலும் கேளுங்கள். மேசையில் உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

மிக்க அன்புடனும் மதிப்புடனும்,
உங்களுள் ஒரு பயணி